எங்கள் மண்டபத்துக் கோச்சி

கற்பிட்டிக்கு இன்றுவரை ரயில்பாதை போடப்பட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டு மண்டபத்தில் மூன்று மாதம் கோச்சி ஓடியது. எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். ஓடியது என்பதும் குடும்ப மானத்துக்காகச் சொல்வது. உள்ளதைச் சொன்னால், அது ஓடிய தூரத்தைவிட விழுந்த தடவைகள்தான் அதிகம். விழுந்ததைத் தூக்கி நிறுத்துகிற உத்தியோகம் என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. புத்தளத்துக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர் ஒருநாள் போய்விடுவார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் கனவிலும் நினைக்காத காலம்.

எல்லாம் உம்மாவின் கண்ணில்தான் தொடங்கியது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு அரிசியில் கல் பொறுக்கக் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் வாப்பாவின் தேத்தண்ணியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். வாப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் குடித்து முடித்துவிட்டு, நேரே போய் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் உம்மாவை யன்னலோரம் இருத்தி, இமையைத் தூக்கிப் பார்த்தார். வலது கண்ணைப் படலம் மூடிவிட்டது, இடதிலும் தொடங்கியிருக்கிறது, கொழும்புக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனால் வெட்டி எடுப்பார்கள் என்றார். ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு வெட்டியும் பிரயோசனம் இருக்காது என்றும் சொன்னார்.

கொழும்புக்குப் போவதென்றால் நடுவே கிடக்கும் கடல்நீர்க் களப்பை வள்ளத்தில் கடந்து புத்தளம் போய், அங்கே கோச்சி ஏறவேண்டும். அப்போதிக்கரியின் சப்பாத்துச் சத்தம் முற்றத்துப் படலையைத் தாண்டும்வரை உம்மா காத்திருந்தாள். பிறகு, "நான் கோச்சில ஏற மாட்டன். அது விழும்" என்றாள். அவ்வளவுதான். காரணம் கேட்டால் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னாள்.

வாப்பாவின் நிலைமையை இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்கு ரயில் ஆகாது. ரயில் வருவதற்கு முன் அவருடைய மூன்று சரக்குப் படகுகள், ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் வழியே புத்தளத்திலிருந்து கொழும்புவரை கொப்பறா ஏற்றிப் போய்வந்தன. ரயில் வந்தபிறகு கொப்பறா எல்லாம் கோச்சியில் ஏறியது; படகுகள் கரையில் ஏறின. மிஞ்சியது ஒரு வள்ளமும் கொஞ்சம் தென்னங்காணியும். ஆகவே கோச்சி விழும் என்று உம்மா சொன்னதும், இத்தனை காலத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு ஆளாவது உண்மையைச் சொன்னதுபோல் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் உம்மாவின் கண் ஞாபகம் வந்து அந்த மலர்ச்சி போய்விட்டது. கோச்சி நல்லது, கோச்சி விழாது என்று அவரே வாய்திறந்து வாதாட வேண்டிய கட்டாயம். அதைவிட இன்னும் மூன்று படகை இழப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உம்மாவின் தம்பி. வாப்பாவின் பெரிய படகில் சுக்கான் பிடித்தவர். படகுகள் கரை ஏறிய அதே வருஷம் அவர் புத்தளம் ஸ்டேஷனில் போய்ச் சேர்ந்து காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டார். தன்னுடைய சுக்கானைப் பிடித்த கை எதிரியின் கொடியைப் பிடிக்கிறது என்று வாப்பா சொன்னாராம். வயிறு சும்மா இருக்குமா என்று மாமா கேட்டாராம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்னால் கோடிப்பக்கத்தால் வந்து, குசினியில் உம்மாவோடு இருந்து கதைத்துவிட்டு, வந்த வழியே போவார். வாப்பா மண்டபத்துக் கதிரையில் அசையாமல் இருப்பார். பெருநாளில் எல்லோரும் சவனைச் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது, மாமா இருக்கும் சவனில் வாப்பா இருக்கமாட்டார். யாரென்றே தெரியாத ஆட்களோடு போய் இருப்பார். இரண்டு பேருமே உம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன், அந்த நாட்களில் அவள் சமைத்ததை அவளே சாப்பிடமாட்டாள்.

உம்மா மறுத்த செய்தி மாமாவுக்கு எட்டியது. அடுத்த வியாழக்கிழமை அவர் கக்கத்தில் ஒரு பெட்டியோடு வந்தார். ஊருக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் பிள்ளை விட்டுவிட்டுப் போன விளையாட்டுக் கோச்சி. பச்சை நிறத் தகர இஞ்சின், முறுக்கினால் ஓடும் வில், அதை முறுக்கக் கைவிரல் நீளத்தில் ஒரு திறப்பு, நாலே நாலு துண்டுத் தண்டவாளம். பெட்டிகளும் மிச்சப் பாதையும் எங்கே போயினவோ தெரியாது. "ராத்தா, ஒங்கட வீட்டிலயே கோச்சி ஓட்டிக் காட்டுறன். விழுதா இல்லையா எண்டு நீங்களே பாருங்க" என்று உம்மாவிடம் சொன்னார்.

குசினியில் இடம் போதவில்லை. மண்டபம்தான் வேண்டும். மாமா வாசற்படியில் தயங்கி நின்றார். வாப்பா கதிரையில் இருந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். எழும்பவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உம்மா வந்து மர வாங்கில் உட்கார்ந்தாள். மாமா நாலு துண்டையும் பொருத்தி, இஞ்சினை முறுக்கி விட்டார். அது கிர்ரென்று ஓடி, பாதை முடிந்த இடத்தில் தரையில் குப்புற விழுந்தது.

"விழுந்திச்சா?" என்று உம்மா கேட்டாள்.

"ஓம் உம்மா" என்றேன் நான். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வயதில் நான் பொய் சொல்லாத பிள்ளை. அதனால் வீட்டில் பல பேருக்குத் தொல்லை.

பாதை முடிந்ததால்தான் விழுந்தது, முடியாத பாதை போட்டால் விழாது என்றார் மாமா. அப்படியென்றால் வட்டமாகப் போடவேண்டும். அடுத்த வாரம் துணிப் பொதிகளைக் கட்டிவரும் இரும்புப் பட்டிகளைச் சுருளாகச் சுற்றிக் கொண்டுவந்தார். மெல்லிய பனஞ்சலாகையில் மரமறுக்கும் வாளால் கோடு கீறி, அதற்குள் பட்டியை நிமிர்த்திச் செருகினால் தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே அகலம் மாறாமல் இருக்க, இஞ்சினின் இரண்டு பக்கச் சில்லுச் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அளவுக்கு ஒரு குச்சி வெட்டி என் கையில் தந்தார். நான் அந்தக் குச்சியை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மூன்று பெட்டிகள் செய்தார். நூல்கட்டைகளை அறுத்துச் சில்லு போட்டார். பெட்டிகளை ஒன்றோடொன்று தடித்த கம்பியால் பிணைத்தார். நேர்ப்பாதையில் எல்லாம் அழகாகத்தான் போயின. வளைவு வந்ததும் இஞ்சின் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம்.

இதையெல்லாம் வாப்பா கதிரையில் இருந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் படகு செப்பனிட்ட மனிதர். கோணல் வேலையைக் கண்டால் அவருக்குப் பல் கூசும். மூன்றாம் வியாழக்கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகள், மாமாட்ட செல்லுங்க. காஞ்ச சலாகை வளையாது. ஒரு நாள் தண்ணில ஊறப்போடச் செல்லுங்க."

நான் இரண்டு எட்டு நடந்து போய், அதையே மாமாவிடம் சொன்னேன். மாமா தரையைப் பார்த்தபடி, "வாப்பாட்ட செல்லு, எனக்கு ஒரு நாள்தான் லீவு, ஊறவெச்சா ஆரு வளைக்கிற எண்டு கேளு" என்றார். நான் இரண்டு எட்டுத் திரும்பி வந்து கேட்டேன். வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டினார். ஆனால் மாமா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புத்தளம் திரும்பியபிறகு, வாப்பா சலாகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு களப்புக்குப் போனார். ஊறவைத்து, முற்றத்தில் முளை அடித்து, அதில் வளைத்துக் கட்டி வெயிலில் போட்டார். அடுத்த வியாழக்கிழமை மாமா வந்தபோது, பாதிப் பாதை மண்டபத்தில் ஒழுங்காக வளைந்து கிடந்தது. யார் செய்தது என்று மாமா கேட்கவும் இல்லை. வாப்பா சொல்லவும் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

அதன்பிறகு வாப்பா கதிரையைவிட்டு இறங்கிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவுக்கு எதிர்ப்பக்கம் தரையில் குந்தினார். தரை மட்டமா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, பள்ளமான இடங்களில் தும்பு வைத்து உயர்த்தினார். பெட்டிகளைப் பிணைத்த கம்பியைக் கழற்றி எறிந்தார். எங்கள் வள்ளங்களில் பக்கமிதவையை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை. கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆணி கொடுக்காது. வாப்பா அதே முறையில் மெல்லிய தென்னங்கயிறு திரித்து மூன்று பெட்டிகளையும் இஞ்சினோடு வரிந்து கட்டினார். அன்று பின்னேரம் கோச்சி முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, அலுமாரியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மாமா வாயைத் திறந்தபடி கயிற்றுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ரயில் ரயில்வேயிலேயே இல்லை.

நான் உம்மாவிடம் ஓடினேன். விழவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். உம்மா வாங்கில் இருந்தபடி தலையை ஆட்டினாள்.

"நல்லம். ஆனா கோச்சி போற வழில தெதுறு ஓயா இரிக்காமே. ஆத்துக்கு மேலால போகுமாமே. இதில ஆறு இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். பாலம் கட்டப் போனார்கள். மாமாவுக்கு ஒரு பழைய துணியை விரித்து ஆறு என்று சொன்னால் போதும். வாப்பாவுக்குத் தண்ணீர் இல்லாத ஆறு ஆறே இல்லை. என் மூலமாக நாலைந்து தடவை வாதம் நடந்து, கடைசியில் பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தார்கள். பாலத்துக்குப் பலகை வேண்டும் என்றதும் வாப்பா வெளியே போனார். வெகுநேரம் கழித்து ஒரு பலகைத் துண்டோடு வந்தார். கரையில் கிடந்த தன் பெரிய படகிலிருந்து அறுத்தது. மாமா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அவர் சுக்கான் பிடித்த படகு. வாப்பா கிட்ட வந்து நின்றார். ஏன் இவ்வளவு நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

பாலத்தை நிறுத்தும்போதுதான் அது நடந்தது. முட்டுக்கால் ஒன்று சரிய, பாலம் தாம்பாளத்துக்குள் சாயப் பார்த்தது. "பிடி, விடாத" என்றார் வாப்பா. "பிடிச்சிட்டன் மச்சான், நீங்க அந்தப் பக்கம்" என்றார் மாமா. இருவரின் தொப்பிகளும் முட்டிக்கொண்டன. பாலம் நின்றது. அவர்கள் நேருக்கு நேர் கதைத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்த நிமிஷத்தோடு என் தூது உத்தியோகம் போய்விட்டது. அதற்குப் பிறகு இருவரும் என்னைக் கடந்து தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். நான் குச்சியும் கையுமாகச் சும்மா நின்றேன்.

மாமா போனபிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நான் உம்மாவின் பக்கத்தில் இருந்து சுளகில் அரிசி பார்ப்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பாள். அவங்க ரெண்டு பேரும் இண்டைக்கு என்ன கதைச்சாங்க? ஆணியைப் பற்றி, என்பேன். வேற? கயிற்றைப் பற்றி. வேற? மாமாவுக்குப் பல் வலி என்றதும் வாப்பா கராம்பு எடுத்துக் கொடுத்தார். உம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொல்வாள். கராம்பு எடுத்துக் கொடுத்ததில் என்ன விசேஷம் என்று எனக்குப் புரியாது, ஆனாலும் சொல்வேன். கோச்சி எத்தனை சுற்றுப் போனது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பாலம் முடிந்ததும் மதுரங்குளி ஸ்டேஷன் இல்லையே என்றாள். அவளுடைய சாச்சி மதுரங்குளியில் இருந்தாள். அங்கே கோச்சி நிற்காவிட்டால் எப்படி? பிஸ்கட் தகரத்தில் ஸ்டேஷன் கட்டி, ஓலைத்துண்டால் கூரை போட்டார்கள். பிறகு பொம்புளைகளுக்குத் தனிப் பெட்டி கேட்டாள். மூன்றாவது பெட்டிக்குத் திரை போட்டோம். நான் கடற்கரையில் பொறுக்கிய பெரிய சோகிச் சிப்பி ஒன்றுக்குச் சீலைத்துண்டு போர்த்தி, அதுதான் உம்மா என்று உள்ளே இருத்தினேன். பிறகு வழியில் தொழுகை நேரம் வந்தால் ஒழுச் செய்ய எங்கே தண்ணீர் என்றாள். மாமா அதற்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர்த்தொட்டி செய்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். வாப்பா அதற்குக் குழாய் வைத்தார். வாரநாட்களில் கடற்கரைப் பக்கமே போகாமல் அவர் குழாய்க்கு அடைப்பு செதுக்கிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்துச் சிரித்தது.

அப்போதிக்கரி சொன்ன ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது. அவர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். வாப்பா உம்மாவிடம் கெஞ்சினார், மாமா கெஞ்சினார். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கோச்சி இன்னும் சரியாக ஓடவில்லையே என்பாள். இரண்டு ஆண்களும் தலை குனிந்து மறுபடியும் தரையில் குந்துவார்கள்.

எனக்குத்தான் தெரியும், அவளுக்கு எவ்வளவு தெரியவில்லை என்பது. வெளிச்சம் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி நிற்பாள். கோப்பை நிறைந்தபிறகும் தேத்தண்ணி ஊற்றுவாள். ஒருநாள் நான் முன்னால் நின்றிருக்க, என்னைத் தாண்டிப் பார்த்து "மகள் எங்க?" என்று கேட்டாள். அவளுடைய சீலையைப் பிடித்து இழுத்து, அழுகையும் கோபமுமாகக் கத்தினேன்.

"நீங்க வேணுமெண்டே செய்றீங்க உம்மா. ஒண்டு முடிய ஒண்டு கேக்குறீங்க. ஒங்களுக்குப் போக விருப்பமில்ல."

உம்மா திடுக்கிட்டதுபோல் இருந்தது. கையால் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்து, கண்ணைத் துடைத்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் மகள்" என்றாள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. பெரியவர்கள் பயந்துபோனால் இப்படித்தான் பிடிவாதம் பிடிப்பார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கடைசி வியாழக்கிழமை எல்லாமே பிழையாகிப்போனது. காலையில் திறந்திருந்த கதவால் ஒரு கழுதை மண்டபத்துக்குள் வந்துவிட்டது. எங்கள் ஊரில் கழுதைகளுக்குப் படலை, கதவு என்ற பேதம் கிடையாது. அது மதுரங்குளி ஸ்டேஷனின் கூரையைத் தின்று, தெதுறு ஓயாவில் தண்ணீர் குடித்து, தண்டவாளத்தில் ஒரு காலையும் வைத்துவிட்டுப் போயிருந்தது. மாமா வந்ததும் இருவரும் அவசர அவசரமாகச் செப்பம் செய்து கோச்சியை ஓட்டினார்கள். முதல் வளைவிலேயே விழுந்தது. மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை பாலத்திலிருந்து விழுந்து, சோகி உம்மா சீலையோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். இனி என்ன சொல்லியும் உம்மா வரப்போவதில்லை.

வாப்பா ஈர இஞ்சினை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே மாமாவிடம் சொன்னார்.

"அவள் சம்மதிச்சா நீயும் வரோணும். எனக்கு அந்தக் கோச்சில போய்ப் பழக்கமில்ல. நீ இல்லாம நான் கூட்டிப் போக மாட்டன்."

"நான் லீவு கேட்டு எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் மச்சான்" என்றார் மாமா. "நீங்க கூப்பிடுவீங்களோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்."

வாப்பா கையை நீட்டி மாமாவின் தோளில் வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர்கள் இரண்டு பேர், நனைந்த தகர இஞ்சினை நடுவில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

உம்மா எப்போது வந்து குசினி வாசலில் நின்றாளோ தெரியாது. "அப்ப நாளண்டைக்குப் போவம்" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் ஏற்கெனவே உள்ளே போய்த் துணிப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் பின்னால் ஓடினேன். பொய் சொல்லாத பிள்ளையல்லவா, மறைக்க மனம் வரவில்லை. "உம்மா, கோச்சி இண்டைக்கு ரெண்டு தரம் விழுந்திச்சு" என்றேன்.

"கேட்டது மகள்" என்றாள் உம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோச்சி ஒழுங்காக ஓடிய நாளெல்லாம் மறுத்துவிட்டு, விழுந்த நாளில் சம்மதிக்கிற ஆளை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வள்ளத்தில் களப்பைக் கடந்தோம். புத்தளத்தில் உண்மையான கோச்சியைப் பக்கத்தில் கண்டதும் வாப்பா இரண்டு எட்டுப் பின்வாங்கினார். மாமா கையைப் பிடித்து ஏற்றினார். வாப்பா ஆசனத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினார். பெட்டிகளைப் பிணைத்திருப்பது இரும்புக் கொக்கி என்று அறிந்து அவர் முகம் வெளுத்துவிட்டது. உம்மா யன்னலோரம் இருந்து, முந்தானை காற்றில் பறக்க, என்ன போகிறது, என்ன போகிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். உப்பளம் போகிறது, தென்னந்தோட்டம் போகிறது, மதுரங்குளி போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். தெதுறு ஓயாப் பாலத்தில் கோச்சி தடதடவென்று ஏறியபோது, "நம்மட பாலத்தவிட நல்லமா?" என்று வாப்பாவைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கோச்சிக்குப் பயந்த ஆள் வாப்பாவா உம்மாவா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

கொழும்பில் பெரிய டொக்டர் உம்மாவின் வலது கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதில் இனி வெளிச்சம் வராது. இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னாராம். இடது கண்ணை மட்டும் வெட்டினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, அசையக்கூடாது என்று கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கட்டிலின் ஒரு பக்கம் வாப்பா, தன்னுடைய வீம்பால்தான் இவ்வளவும் பிந்தியது என்று அழுதார். மறுபக்கம் மாமா, தான் போட்ட கோணல் பாதையால்தான் ராத்தா பயந்தாள் என்று அழுதார். ஆளுக்கு ஆள் பழியைத் தங்கள் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நடுவில் உம்மா, கண் இரண்டிலும் கட்டோடு, "எனக்கு ஒரு கண் போதும்" என்றாள். சொல்லும்போது அவள் வாய் சிரித்தது. அழுகிற இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது உம்மாவின் மூக்கில் தடித்த கண்ணாடி ஒன்று ஏறியிருந்தது. எனக்கு ஒரே பரபரப்பு. மூன்று மாதமாக அவள் கேட்டுக் கேட்டுக் கட்டுவித்த பாதையை இனித்தானே அவள் ஒழுங்காகப் பார்க்கப் போகிறாள். அவளை மண்டபத்துக்கு இழுத்து வந்தேன். வாப்பாவும் மாமாவும் எங்களுக்கு முன்னரே போய், வழக்கம்போல் எதிரெதிராகக் குந்திக்கொண்டு, கழுதை மிதித்த இடத்தை நிமிர்த்துவது எப்படி என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வாப்பா எதற்கோ மாமாவின் தலையில் குட்டினார். மாமா சிரித்தார்.

உம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று அவர்களையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"உம்மா, அங்க இல்ல, இங்க. பாலம் இங்க இரிக்கு, இங்க பாருங்க" என்று நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்திட்டன் மகள்" என்றாள் உம்மா, பார்வையை அவர்களிடமிருந்து எடுக்காமலே.

பாலத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று மஃரிபுத் தொழுகைவரை நான் அவளோடு கதைக்கவில்லை.